சாரங்கபாணி ஆத்து மருந்துப் பால்

பத்மாசனியின் கழுத்து வீங்கியிருப்பதை எங்கள் தெருவில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. தெருக்கோடி ஆத்துக்காரி தான்தான் முதலில் பார்த்ததாகத் திருப்பதி முழுக்கச் சொல்லிவருவதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது ஒரு நவராத்திரி சமயம். பக்கத்து ஆத்துச் சாரங்கபாணியின் பெண் பத்மாசனி என் ஆத்துக் கொலுவுக்குப் பாட வந்திருந்தாள். மற்ற பெண்கள் பாடினால் சுண்டல் எப்போது வரும் என்று எல்லோரும் சமையலறைப் பக்கம் பார்ப்பார்கள். இவள் பாடினால் சுண்டல் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு வயதில் அப்படி ஒரு குரல். அன்று அம்மாவின் அட்டிகையைப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு என்னிடம் முதுகைக் காட்டி நின்றாள். நான் எவ்வளவு இழுத்தும் கொக்கி மாட்டவில்லை. முன்பக்கம் திருப்பிப் பார்த்தால், தொண்டைக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்தாற்போல் புடைப்பு.

பார்த்ததை நான் இரண்டே பேரிடம்தான் சொன்னேன். விடிவதற்குள் தெருவே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பொன்னுக்கு வீங்கிதான், பொன்னைப் போட்டால் வற்றிவிடும் என்று சொல்லி, இருக்கிற சங்கிலிகளையெல்லாம் குழந்தை கழுத்தில் மாட்டினார்கள். நகைக்கடை பொம்மை மாதிரி நின்றாளே தவிர வீக்கம் வற்றவில்லை. பற்றுப் போட்டார்கள், வேது பிடித்தார்கள். பங்குனியில் வீக்கம் நாரத்தங்காய் அளவு ஆயிற்று. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மூச்சு இழுக்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சாரங்கபாணி கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கிறவர். ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணாமல் அந்த ஆத்தில் ஒரு வாய் பால்கூட யார் தொண்டையிலும் இறங்காது. கண்டருளப் பண்ணியபின் அது பிரசாதம். இது உனக்கு, இது எனக்கு என்று தனியாக எடுத்து வைக்கக் கூடாது, எல்லோருக்கும் பங்கு உண்டு, ஒரு சொட்டும் கீழே போகக் கூடாது. முட்டைக்கோஸைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் நடக்கிறவர்.

அவர் மனைவி வேங்கடலக்ஷ்மி வேறு தினுசு. நல்லவள், ஆனால் நிதானம். வாசலில் அவள் கோலத்தை ஆரம்பித்தால் வெயில் வந்துதான் முடித்துவைக்கும். அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நம் ஆத்துக்குப் போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பதில் வாங்கிக்கொள்ளலாம். முகம் எப்போதும் அப்போதுதான் தூங்கி எழுந்தாற்போல் ஊதியிருக்கும். சித்திரை வெயிலில் திருப்பதியே வெந்துகொண்டிருக்க, இவள் குளிருகிறது மாமி என்று சால்வையைப் போர்த்திக்கொள்வாள். சோம்பல் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பில் என் கையெழுத்தும் உண்டு.

சித்தூரில் மிஷன்காரர்களின் வைத்தியசாலையில் கிருபாவதி என்று ஒரு டாக்டரம்மா இருப்பதாக என் தங்கை சொல்லியனுப்பினாள். ஆண் டாக்டர் பெண் குழந்தையின் கழுத்தைத் தொட வேண்டாமே என்று சாரங்கபாணியும் ஒப்புக்கொண்டார். அவர்கள் கூப்பிடாவிட்டாலும் துணைக்கு நானும் போனேன். பாகாலா வழியாக ரயில், அப்புறம் ஜட்கா.

டாக்டரம்மா கறுப்பாக, ஒல்லியாக, இழுத்துக் கட்டிய வெள்ளைப் புடைவையில் இருந்தாள். டேப்பை வைத்துப் பத்மாசனியின் கழுத்தை அளந்தாள். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி வீக்கம் மேலும் கீழும் போவதைப் பார்த்தாள். பிறகு எங்களுக்கும் புரிகிற மாதிரி விளக்கினாள். கழுத்தில் ஒரு கோளம் இருக்கிறது. உடம்பு சுறுசுறுப்பாக வளர அது ஒரு சாறு ஊறவைக்க வேண்டும். சாறு போதவில்லை என்றால், எப்படியாவது ஊறவைத்துவிட வேண்டுமென்று அந்தக் கோளம் பாடுபட்டுப் பாடுபட்டுப் பெருத்துப்போகும். அதே சாற்றை மாத்திரையாக வெளியிலிருந்து கொடுத்தால் கோளத்துக்கு ஓய்வு கிடைக்கும், தானாகச் சுருங்கும்.

பத்மாசனி மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குப் பாட வருமா?"

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "மாத்திரையில கொறைஞ்சுதுன்னா நல்லா பாடலாம் கண்ணு. கொறையலேன்னா மூச்சுக்கொழாயை அமுக்கிடும், வேலூருக்கு அனுப்பிக் கத்தி வெக்கணும். கொரலுக்குப் போற நரம்பு அந்தப் பக்கத்துலியே ஓடிக்கினு இருக்குது. ஒண்ணும் ஆவாதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

அதன் பிறகு வேங்கடலக்ஷ்மி, பத்மாசனி, நான் மூன்று பேரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சாரங்கபாணியோடு மட்டும் கொஞ்ச நேரம் பேசினாள். கதவு தடிப் பலகை. என் ஆயுளில் காதில் விழாமல் போன பேச்சுகள் சொற்பம். அதில் அது ஒன்று. மனிதர் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. கையில் மாத்திரைப் புட்டி.

மறுநாள் காலையிலிருந்து மருந்து ஆரம்பமாயிற்று. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பொழுது விடிந்ததும் உறை மோர் வாங்கப் போகிற சாக்கில் தினமும் அங்கே போய்விடுவேன். மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பால் என்றால் பெருமாளுக்குப் போகாமல் குழந்தைக்குப் போகுமா? சாரங்கபாணி பொடியைப் பாத்திரத்துப் பாலில் போட்டுக் கலக்கி, பெருமாள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பாசுரம் சேவிப்பார். அது முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பார், முணுமுணுப்பார், முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். எவ்வளவு கிட்டே நின்றாலும் காதில் விழாது. பாலில் ஆடை கட்டிவிடும்.

அதற்கப்புறம் விநியோகம். பத்மாசனிக்குப் பெரிய டம்ளர் நிறைய. தனக்கு ஒரு வாய். மாமி வந்திருக்கிறாளே என்று தீர்த்தக் கரண்டியால் எனக்கு ஓர் உத்தரணி. மிச்சம் அடியில் இருப்பதில் வேங்கடலக்ஷ்மி கொஞ்சம் தண்ணீர் விட்டு, பாத்திரத்தை விரலால் வழித்துக் குடித்துவிடுவாள். பிரசாதமாயிற்றே, வீணாகக் கூடாது.

வைகாசி போயிற்று, ஆனி வந்தது. பத்மாசனியின் கழுத்து ஒரு இம்மியும் குறையவில்லை. ஆனால் அந்த ஆத்தில் வேறு ஓர் அதிசயம் நடக்க ஆரம்பித்தது.

முதலில் சால்வை காணாமல்போனது. பிறகு ஒருநாள் நான் வாசல் தெளிக்க வந்தால், வேங்கடலக்ஷ்மி தன் வாசலில் தேர்க்கோலம் போட்டு முடித்து, இடம் போதாமல் என் வாசலுக்கும் வந்திருந்தாள். கத்தரிக்காய்க்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசிக் கூடையையே இறக்கவைத்தாள். அவளுக்குத் தெலுங்கு தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். முகத்து ஊதல் வடிந்து, கன்னமும் தாடையும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் ஒரு கேள்வியைப் பாதி கேட்கும்போதே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாதிக் கேள்வியில் பதில் வந்தால் மீதியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிறந்தகத்திலிருந்து சொத்து வந்திருக்கிறது என்றாள் கோடி ஆத்துக்காரி. பெண்ணுக்கு வந்த கவலையில் தாய்க்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சொன்னேன். என்னுடையது கௌரவமான காரணம் என்பதால் அதுதான் பரவியது.

ஆடியில் மறுபடி சித்தூர். டாக்டரம்மா டேப்பை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். முன்பு இருந்ததைவிடச் சற்றுக் கூடத்தான் இருந்தது. ஒரு வேளையும் தவறாமல் கொடுத்தீர்களா என்று கேட்டாள். தவறவில்லை என்றார் சாரங்கபாணி. பத்மாசனி சுவரில் தொங்கிய வேதவசனக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேலூர் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

அப்போதுதான் டாக்டரம்மா தலையை நிமிர்த்தி, மூலையில் நின்ற வேங்கடலக்ஷ்மியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போன தடவை பாப்பாவோட அம்மா வந்தாங்களே, அவங்க வரலியா?"

"நான்தான் அவ அம்மா" என்றாள் வேங்கடலக்ஷ்மி.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். தோலைத் தடவிப் பார்த்தாள். இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு சாரங்கபாணியிடம் திரும்பி, மருந்தை எப்படிக் கொடுக்கிறீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார். விட்டுப்போனதை நான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. கம்பவுண்டர் தேவானந்தத்தைக் கூப்பிட்டு, கண்ணாடி டம்ளரில் பால் கொண்டுவரச் சொல்லி, ஒரு மாத்திரையைத் தன் கையாலேயே பொடித்துப் போட்டுக் கலக்கி மேஜைமேல் வைத்தாள்.

"ஐயரே, வூட்டுல எவ்ளோ நேரம் பாடுவீங்களோ அவ்ளோ நேரம் இங்கயும் பாடுங்க."

ஐயரில்லை, ஐயங்கார் என்று வழக்கமாகத் திருத்துகிறவர் அன்று திருத்தவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேஜைக்கு முன்னால் நின்று, வேதவசனக் காலண்டருக்குக் கீழே கணீரென்று பாசுரம் சேவிக்க ஆரம்பித்தார். வராந்தாவில் கங்காதர நெல்லூரிலிருந்து வந்த நோயாளிகள் ஒரு கூட்டம். உள்ளே ஜெபம் நடக்கிறது என்று நினைத்து எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு கிழவர் முடிவில் ஆமென் என்றும் சொன்னார்.

"அவ்ளோதானா?"

"ஆத்துல இன்னும் கொஞ்சம் நாழி ஆகும்" என்றார் சாரங்கபாணி. கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவர் கண்ணைத் திறந்ததும் டம்ளரை அசைக்காமல் தூக்கி, மேலிருந்த பாலை வேறொரு டம்ளரில் மெல்லச் சாய்த்தாள். அடியில் பழுப்பாகச் சேறுபோல் ஒரு படிவு.

"இந்தப் பொடி பால்ல கரையாது. கலக்கின சூட்டோட குடிச்சிருந்தா சரி. நீங்க பாடி முடிக்கறதுக்குள்ள அத்தனையும் அடியில போயி ஒக்காந்துக்கினு இருக்குது. மேல இருக்கறது வெறும் பாலு. அதைத்தான் பாப்பா குடிச்சுது. மருந்து முச்சூடும் வழிச்சுத் துன்னது இவங்கதான்."

வேங்கடலக்ஷ்மி அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். "என் குழந்தை மருந்தை நானா குடிச்சேன்?" என்று கேட்டவள் புடைவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்மாசனி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா" என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்கும் அதே கொறைதான். கழுத்துல வீங்காம உடம்புல ஊதியிருந்துது. போன தடவையே நான் கண்டுபுடிச்சிருக்கணும். பாப்பா கழுத்தைப் பாத்துக்கினு உங்க மூஞ்சைப் பாக்காம வுட்டுட்டேன். இது உங்களுக்கும் வேண்டிய மருந்துதான். உங்களுக்குத் தனியா குடுக்கறேன்."

சோம்பலுக்கு மருந்து உண்டு என்று தெரிந்திருந்தால் தீர்ப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

இனி மருந்தைப் பெருமாளுக்குக் காட்டாதீர்கள் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. உங்கள் சாமிக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் பாலும் வேண்டாம், பங்கும் வேண்டாம் என்றாள். சாரங்கபாணிதான் கொஞ்சம் யோசித்து, திருத்துழாய் இலைமேல் மாத்திரையை முழுசாக வைத்துக் கண்டருளப் பண்ணி, இலையோடு குழந்தை வாயில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். திருத்துழாய் என்றால் துளசி என்று நான் டாக்டரம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். பேஷாகச் செய்யுங்கள் என்றாள். நவராத்திரிக்குள் வற்ற ஆரம்பித்துவிட்டால் வேலூர் கிடையாது. இல்லாவிட்டால் விஜயதசமி கழிந்ததும் வண்டி ஏற வேண்டும் என்றும் சொன்னாள்.

புது மாத்திரைகளை வாங்க நான்தான் கம்பவுண்டர் அறைக்குப் போனேன். தேவானந்தம் புட்டியில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். சும்மா போகக் கூடாதே என்று, இவ்வளவு சக்தியுள்ள மருந்தை எந்த மூலிகையிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டுவைத்தேன்.

"மூலிகையா? நல்லா கேட்டீங்க மாமி. ஆட்டுக் கழுத்துல இதே கோளம் இருக்குதில்ல, அதை அறுத்துக் காயவெச்சுப் பொடி பண்ணி சீமையிலிருந்து அனுப்பறாங்க."

எனக்கு முதலில் வந்த எண்ணம், சாரங்கபாணி ஆத்துப் பெருமாளுக்குத் தினமும் ஆடு கண்டருளப் பண்ணப்பட்டிருக்கிறது என்பது. இப்படி ஒரு சேதி என் கைக்கு இதுவரை வந்ததில்லை. கோடி ஆத்துக்காரி இதைக் கேட்டால் நாலு நாள் சாப்பிட மாட்டாள். ஜட்கா ஏறுவதற்குள் யார் யாருக்கு எந்த வரிசையில் சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது எண்ணம் பாகாலா ஸ்டேஷனில் வந்தது. தினமும் காலையில் ஓர் உத்தரணி.

அது வெறும் மேல்பால்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் தெருவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? மாமி, நீங்களும்தானே தினம் போய்க்கொண்டிருந்தீர்கள் என்று ஒருத்தி கேட்டால் போதும். திருப்பதி வந்து சேரும்வரை நான் பேசவில்லை. உடம்பு சரியில்லையா மாமி என்று வேங்கடலக்ஷ்மி மூன்று தரம் கேட்டாள்.

அந்த ஆவணியும் புரட்டாசியும் எனக்கு எப்படிப் போயின என்பது எனக்கும் பெருமாளுக்கும்தான் தெரியும். குழாயடியில் பேச்சு எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நாக்கு நுனிக்கு வந்துவிடும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு ஏதோ துக்கம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் பாசுரமும் முணுமுணுப்பும் நிற்கவில்லை. துளசி இலைமேல் ஒரு மாத்திரை மகளுக்கு, ஒரு மாத்திரை தாய்க்கு. ஆவணிக் கடைசியில் பத்மாசனியின் கழுத்துத் தோல் தளர்ந்தாற்போல் இருந்தது. புரட்டாசியில் நாரத்தங்காய் எலுமிச்சம்பழம் ஆயிற்று, பிறகு நெல்லிக்காய். ஒருநாள் சுவருக்கப்பால் அவள் மேல் ஸ்தாயியைத் தொட்டுவிட்டு, தானே நம்பாமல் மறுபடியும் தொட்டுப் பார்த்தது எனக்குக் கேட்டது.

நவராத்திரிக்கு என் ஆத்துக் கொலுவுக்கு வந்தாள். அட்டிகையைக் கையிலேயே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். கொக்கியை வளையத்தில் கொண்டுபோய் வைத்தேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. மாட்டிய சத்தம் எனக்கே கேட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கொலுவைப் பார்ப்பதுபோல் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலூர் இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

சாரங்கபாணி பெண்ணைக் கூட்டிப்போக வந்து வாசல் ரேழியில் நின்றிருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தெருவுக்குத்தானே சொல்லக் கூடாது, இவருக்குச் சொல்லலாமே என்று பக்கத்தில் போனேன்.

"அந்த மாத்திரையை எதுலேர்ந்து பண்றான்னு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆட்டோட கழுத்துலேர்ந்து. டாக்டரம்மா மொதல் நாளே என்னைத் தனியா உக்காரவெச்சு சொல்லிட்டா. தெரியாம குடுக்கறது தப்பு, வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோன்னா."

அவரே தொடர்ந்தார்.

"அந்தப் பக்கம் கத்தி, இந்தப் பக்கம் ஆடு. நான் என்ன பண்ணுவேன் மாமி? பெருமாள் முன்னாடி வெச்சேன். இது இன்ன வஸ்து, எனக்கு வேற வழி தெரியலை, நீர் ஏத்துண்டா பிரசாதம், ஏத்துக்கலைன்னா தோஷம் எனக்கு, குழந்தைக்கு வேண்டாம்னு சொன்னேன். அவளோட நானும் ஒரு வாய் குடிச்சேன்."

"அதுக்கா அவ்வளவு நாழி?"

"பாசுரம் சீக்கிரம் முடிஞ்சுடும். சமாதானம் சொல்லத்தான் நேரமாச்சு. அதுலதான் மருந்து அடியில தங்கிடுத்து."

இன்னொன்றும் கேட்டேன். எனக்கும் ஓர் உத்தரணி கொடுத்துக்கொண்டிருந்தீர்களே, அது என்ன கணக்கு என்று.

"வராதேங்கோன்னு வாசல்ல நின்னு சொல்ல முடியுமா? உங்களையும் சேர்த்துத்தான் கேட்டுண்டேன். தினமும் பேர் சொல்லி, கோத்திரம் சொல்லி, க்ஷமிக்கணும்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுலதான் பாதி நாழி போச்சு" என்றார்.

உள்ளே பத்மாசனி பாட ஆரம்பித்தாள். வேங்கடலக்ஷ்மி என் ஆத்துச் சமையலறைக்குள் புகுந்து, நான் இடுப்பில் கையை வைப்பதற்குள் சுண்டலை மந்தாரை இலைகளில் பங்கிட்டு எல்லோர் கையிலும் கொடுத்து முடித்திருந்தாள். யாரும் அதைத் தொடவில்லை. குரல் மேலே போனது. போன இடத்தில் நின்று, அவசரமில்லாமல் இறங்கிவந்தது.

நான் கோடி ஆத்துக்காரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரேழியில் இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று அவள் என் தொடையைக் கிள்ளினாள். ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பெண் பாடி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாரங்கபாணி ஆட்டுக் கதையை இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தானே சொல்லிச் சிரிக்கிறார், அது பழசாகிவிட்டது. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றித்தான் எங்கள் தெருவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.